மார்மன் சபைப் படங்களில் யாருடைய முகம்? இனப் பிரதிநிதித்துவம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

நைஜீரியாவில் அந்தோனி ஒபின்னா என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1960களின் நடுவில் அவருக்கு ஒரு கனவு வந்தது. யாரோ ஒருவர் அவரை ஓர் அழகான கட்டடத்துக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார். அது எந்த ஊர்க் கட்டடம் என்று அவருக்குத் தெரியவில்லை. சில வருஷம் கழித்து, உள்நாட்டுப் போரின் கெடுபிடியால் வெளியே போக வழியில்லாமல் வீட்டில் இருந்தபோது, பழைய ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் ஒன்றைப் புரட்டினார். 1958ஆம் வருஷத்து இதழ். அதில் ஒரு பக்கத்தில், கனவில் பார்த்த அதே கட்டடம் இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரில் இருக்கும் மார்மன் ஆலயம்.

அந்தச் சபைக்குக் கடிதம் எழுதினார். ஊழியக்காரர்களை அனுப்ப இயலாது என்று பதில் வந்தது. திரும்பத் திரும்ப எழுதினார். அந்தச் சபையில் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபையை நடத்தவும் சடங்குகள் செய்யவும் தரும் அதிகாரம், கொடுப்பதில்லை என்று அப்போது ஒரு விதி இருந்தது. ஊரில் எல்லாரும் கறுப்பர்கள் என்றால் அங்கே சபையை யார் நடத்துவது? 1978 ஜூனில் அந்த விதி நீங்கியது. அதே வருஷம் நவம்பர் 21ஆம் தேதி ஒபின்னா ஞானஸ்நானம் பெற்றார்.

ஒரு பத்திரிகைப் படம் அவரை முதலில் கூப்பிட்டது, விதி பல வருஷம் கழித்துத்தான் வழிவிட்டது. 1978க்குப் பிறகு நடந்தது நேர் தலைகீழ். விதி "வாருங்கள்" என்று சொல்லிவிட்டது, சபையின் படங்களும் பாடநூல்களும் அதே வார்த்தையைச் சொல்ல இன்னும் பல பத்தாண்டு எடுத்துக்கொண்டன. விதியை ஒரே நாளில் மாற்றலாம். கண்ணுக்குப் பழகிவிட்ட படத்தை அப்படி மாற்ற முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

மார்மன்கள் என்று நாம் சொல்லும் சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்றைக்கு உலகமெங்கும் 1.7 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள், அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே. பெங்களூரில்கூட ஓர் ஆலயம் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதே 2018இல் சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், 'மார்மன்' என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பழைய பெயர்தான் வாசகர்களுக்குத் தெரியும் என்பதால் இங்கே இரண்டையும் கலந்து எழுதுகிறேன்.

பைபிளோடு சேர்த்து அவர்கள் வேதமாகக் கொள்ளும் நூல் 'மார்மன் புஸ்தகம்'. எருசலேமிலிருந்து கிறிஸ்துவுக்குச் சுமார் 600 வருஷம் முன்பு கிளம்பிக் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை அது. அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது, நேபியர் என்றும் லாமானியர் என்றும். லாமானியர் கடவுளை விட்டு விலகியதால் அவர்கள்மீது 'கறுத்த தோல்' வந்தது என்று அதில் ஒரு வசனம் இருக்கிறது, இரண்டாம் நேபி 5:21. அதே நூலில், அதே இரண்டாம் நேபியில், 26:33இல், கறுப்பர் வெள்ளையர், அடிமை சுதந்தரர், ஆண் பெண் யாரானாலும் தேவன் மறுப்பதில்லை, எல்லாரும் அவருக்கு ஒன்றுதான் என்றும் இருக்கிறது. இந்த இரண்டு வசனத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சபையின் ஓவியர்களும் பாடநூல் எழுதியவர்களும் எந்த வசனத்தை முன்னால் நிறுத்தினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் பாதி.

நெடுங்காலம் லாமானியர் என்றாலே அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று சபை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1981 பதிப்பின் முன்னுரை, அவர்கள்தான் பூர்வகுடிகளின் முதன்மை மூதாதையர் என்றது. சுமார் 25 வருஷம் கழித்து, மூதாதையர்களில் ஒரு பகுதியினர் என்று அந்த வரியை மாற்றினார்கள். ஒரு சின்னத் திருத்தம்தான். ஆனால் அதற்குள் லாமானியர் என்ற பெயரைத் தாங்கிய குழந்தைகள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 1971இல் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி, லத்தீன் அமெரிக்க, பாலினேசிய மாணவர்களைக் கொண்டு தொடங்கிய நடனக் குழுவுக்கே 'லாமானியத் தலைமுறை' என்றுதான் பெயர். அதில் ஆடியவர்களில் அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, அது உறுத்தியவர்களும் உண்டு. பிறகு பெயரை மாற்றினார்கள்.

அடுத்தது ஆசாரியத்துவ விதி. தொடக்கத்தில் அப்படி ஒரு தடையே இல்லை. எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத் தச்சர் 1836இலேயே அந்தப் பொறுப்பைப் பெற்றவர். ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங்தான் 1852இல் தடையை வெளிப்படையாக அறிவித்தார். அதிலிருந்து 126 வருஷம். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது, ஆணானாலும் பெண்ணானாலும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கிடையாது. 1978 ஜூன் 8ஆம் தேதியிட்ட கடிதம் அதை முடித்து வைத்தது. அப்போது தலைவராக இருந்தவர் ஸ்பென்சர் கிம்பல்.

இந்த மாற்றத்துக்குப் பிரேசில் ஒரு பெரிய காரணம். சாவோ பாவ்லோவில் ஆலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பல தலைமுறையாக இனங்கள் கலந்து வாழும் அந்த நாட்டில், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று எப்படிப் பிரிப்பது? தோலை வைத்துக் கோடு போட முடியாத ஊரில் தோலை வைத்துப் போட்ட விதி நிற்காது.

பிரதிநிதித்துவம், உள்வாங்குதல்

இந்த இரண்டு சொற்களும் ஒன்று போலத் தோன்றும். கல்யாண வீட்டை வைத்துச் சொல்கிறேன். புகைப்படத்தில் ஒரு ஓரமாக உங்களை நிறுத்தி வைப்பது ஒன்று. பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவது இன்னொன்று. என்ன சமைப்பது என்று உங்களையும் கேட்பது மூன்றாவது. முதலாவது வெறும் பிரதிநிதித்துவம், படத்தில் முகம் இருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது வந்தால்தான் முழுமையான உள்வாங்குதல். சின்ன வயசு விளையாட்டில் ஒரு பிள்ளையை 'ஒப்புக்கு'ச் சேர்த்துக்கொள்வோமே, அவன் ஓடுவான், ஆனால் அவன் எடுத்த ரன் கணக்கில் வராது. மத ஊடகத்திலும் அந்த ஒப்புக்குச் சேர்ப்பது நடக்கிறது. பத்து வெள்ளை முகத்துக்கு நடுவில் ஒரு கறுப்பு முகம், பேச ஒரு வரியும் இல்லாமல்.

மத ஊடகம் என்றால் இங்கே என்னென்ன? மார்மன் சபை விஷயத்தில் அது ரொம்பப் பெரிய உலகம். மாத இதழ்கள், ஞாயிறு பாடநூல்கள், சொந்த ஸ்டுடியோவில் எடுத்த படங்கள், புகழ்பெற்ற டேபர்னக்கிள் பாடகர் குழு, வருஷம் இரண்டு முறை உலகம் முழுக்க ஒளிபரப்பாகும் பொது மாநாடு, ஜெபக்கூடத்தின் முன்கூடத்தில் மாட்டும் ஓவியம் வரைக்கும். இதில் பெரும்பகுதியைத் தலைமையகமே தயாரித்து உலகமெங்கும் அனுப்புகிறது. சால்ட் லேக்கில் ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தால் கானாவிலும் பிலிப்பைன்ஸிலும் குழந்தைகள் அதைத்தான் பார்த்து வளர்வார்கள். அதனால்தான் இந்தச் சபைக்குப் படம் என்பது அலங்காரத்தைவிடப் பெரிய விஷயம்.

பன்னிரண்டு ஓவியங்கள்

அர்னால்டு ஃப்ரீபெர்க் என்ற ஓவியரிடமிருந்து தொடங்கலாம். தகப்பனார் ஸ்வீடன்காரர், தாயார் நார்வேக்காரர். 1950களின் தொடக்கத்தில் சபையின் குழந்தைகள் இதழுக்காக மார்மன் புஸ்தகக் காட்சிகள் பன்னிரண்டை வரையும் வேலை அவருக்கு வந்தது. வேலையைக் கொடுத்தவர் குழந்தைகள் பிரிவின் தலைவி அடெல் கேனன் ஹோவல்ஸ். இதழின் ஐம்பதாம் ஆண்டுக்குக் குழந்தைகளுக்கு நல்ல ஓவியம் தர வேண்டும் என்று தன் நிலத்தை விற்றுப் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த விஷயத்தைப் பேசும்போது யாரையும் வில்லனாக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஓவியங்களைப் பார்த்தால் ஒரு கணம் மூச்சு நிற்கும். அபிநாதி என்ற முதிய தீர்க்கதரிசி, சங்கிலியோடு, சட்டையில்லாத உடம்போடு அரசன் முன்னால் நிற்கிறார். அரசனின் காலடியில் சங்கிலி போட்ட சிறுத்தைகள். சங்கிலியில் இருக்கும் கிழவர் கம்பீரமாகவும் சிம்மாசனத்தில் இருப்பவன் மிரண்டும் தெரிகிறார்கள். மற்ற ஓவியங்களில் நேபிய வீரர்கள் வடக்கு ஐரோப்பியக் கதைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள், பெருத்த தோள், இறுகிய தசை. உள்ளே இருக்கும் ஆவியின் வலிமையைத்தான் தசையாக வரைந்தேன் என்ற பொருளில் ஃப்ரீபெர்க் பின்னாளில் விளக்கம் சொன்னார். நேர்மையான விளக்கம்தான். ஆனால் ஆவியின் வலிமைக்கு அவர் கொடுத்த உடம்பு வெள்ளை உடம்பு. பார்க்கும் குழந்தைக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டே போய்ச் சேரும்.

நேபியரின் முதல் தலைவரான நேபிக்கு என்ன முகம் என்று மார்மன் புஸ்தகத்தில் வர்ணனை கிடையாது, உயரமான ஆள் என்பது போன்ற ஒன்றிரண்டு குறிப்புகள்தான். எருசலேமிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம், அவ்வளவுதான் தெரியும். எழுத்து விட்ட இடைவெளியைத் தூரிகை நிரப்பியது. ஊழியக்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்த பிரதிகளில் அந்த ஓவியங்களைச் சேர்த்து அச்சிட்டார்கள். பெரு நாட்டில் ஒரு பூர்வகுடிக் குடும்பம் அந்தப் பிரதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எழுத்தைவிட அந்த முகங்கள்தான். நல்லவர்கள் எல்லாம் வேறு யாரோ மாதிரி இருக்கிறார்கள்.

எனக்கு இதில் சாமுவேலின் கதை ரொம்ப முக்கியம். லாமானியனாகிய சாமுவேல் என்றே அவரைச் சொல்வார்கள். நேபியரின் நகரத்துக்குப் போய் அவர்களுடைய அக்கிரமத்தைக் கண்டித்துப் பேசுகிறார். துரத்திவிடுகிறார்கள். திரும்பிப் போகக் கிளம்பியவர், கர்த்தருடைய குரலைக் கேட்டு மறுபடி வருகிறார். உள்ளே விடவில்லை என்றதும் மதில்மேல் ஏறி நின்று பேசுகிறார். கீழேயிருந்து கல் எறிகிறார்கள், அம்பு எய்கிறார்கள், ஒன்றும் படவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'கறுத்த தோல்' மக்களைச் சேர்ந்த ஒருவர், 'வெள்ளை' மக்களின் மதில்மேல் நின்று, நீங்கள்தான் தவறிப்போனவர்கள் என்கிறார். தோலையும் நல்லொழுக்கத்தையும் ஒட்டவைத்த வாசிப்பை அந்த வேதமே உடைக்கும் இடம் இது. ஃப்ரீபெர்க்கும் இந்தக் காட்சியை வரைந்திருக்கிறார், மதில்மேல் தனியாக நிற்கும் சாமுவேலை. ஆனால் சாமுவேல் ஒரு வீரக்காட்சியாகத்தான் சுவரில் தொங்கினார். அவர் சொன்னதன் மறுபக்கத்தை ஞாயிறு வகுப்பில் பேசுவது குறைவாகவே இருந்தது. சபையின் கறுப்பின, பூர்வகுடி எழுத்தாளர்கள் இன்று அந்தக் காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போவதில் ஆச்சரியம் இல்லை.

அச்சில் ஏறியது

படங்கள் மட்டும் இல்லை, எழுத்தும் அப்படித்தான். 1978 ஆகஸ்டில் அப்போஸ்தலர் (சபையின் உயர்தலைமையான பன்னிரண்டு பேர் குழுவில் ஒருவர்) புரூஸ் மெக்கான்கி ஒரு கூட்டத்தில், இந்த விஷயத்தில் நானோ பிரிகாம் யங்கோ வேறு யாருமோ முன்பு சொன்னதை மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசினோம் என்ற அர்த்தத்தில் சொன்னார். மனந்திறந்த பேச்சு. அதே மெக்கான்கி 1958இல் எழுதிய 'மார்மன் கோட்பாடு' என்ற நூலில் கறுப்பினத்தவர் பற்றிய பழைய கருத்துகள் இருந்தன. பின்னாளில் சில பகுதிகளைத் திருத்தினார்கள், ஆனாலும் சாபம் பற்றிய பேச்சு முழுசாகப் போகவில்லை. புத்தகம் 2010 வரைக்கும் விற்பனையில் இருந்தது. மறந்துவிடுங்கள் என்ற பேச்சை ஒரு கூட்டம் கேட்டது, நூலோ முப்பது வருஷம் வீட்டு அலமாரியில் உட்கார்ந்து பாடம் நடத்தியது.

இரண்டாம் நேபி 30:6இல் ஒரு சொல்லின் கதை இதைவிட விசித்திரம். மனந்திரும்பும் மக்கள் 'வெண்மையான' மக்களாவார்கள் என்று 1830 பதிப்பு சொன்னது. 1840 பதிப்பில் ஜோசப் ஸ்மித் அதைத் 'தூய்மையான' என்று மாற்றினார். ஆனால் பின்னால் வந்த பதிப்புகள் வேறு பிரதியைப் பின்பற்றியதால் 'வெண்மை' திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. 1981இல்தான் 'தூய்மை' மறுபடி இடம் பிடித்தது. ஒரு சொல்லுக்கு 141 வருஷம்!

2013 டிசம்பரில் சபை தன் இணையதளத்தில் 'இனமும் ஆசாரியத்துவமும்' என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. கறுத்த தோல் சாபத்தின் அடையாளம் என்ற விளக்கங்களைச் சபை இன்று ஏற்பதில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சரி, அதோடு முடிந்தது என்று நினைக்கலாம். முடியவில்லை. 2020ஆம் ஆண்டுக்கான 'என்னைப் பின்பற்றி வாருங்கள்' என்ற குடும்பப் பாடநூல் அச்சாகி வந்தபோது, அதில் பல பத்தாண்டுக்கு முந்தைய ஒரு தலைவரின் மேற்கோள் இருந்தது. கறுத்த தோலைச் சாபத்தின் அடையாளம் என்று சொல்லும் அதே பழைய விளக்கம். இணையப் பதிப்பில் திருத்திவிட்டார்கள். அச்சடித்த பிரதிகளோ ஏற்கனவே வீடுகளுக்குப் போய்விட்டன. 2020 ஜனவரி 20, மார்ட்டின் லூதர் கிங் நாள். சால்ட் லேக்கில் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. நடத்திய விருந்தில் அப்போஸ்தலர் கேரி ஸ்டீவன்சன் அந்தப் பிழைக்காக வருத்தம் தெரிவித்தார்.

ஒரு கறுப்பினத் தாய் அந்தப் பாடநூலை மேசையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அது வகுப்பறைப் புத்தகம்கூட இல்லை, வீட்டில் அம்மாவும் அப்பாவும் வாசித்துக் கொடுப்பது. அந்தப் பக்கம் வரும்போது அவள் என்ன செய்வாள்? தாண்டிவிடுவாளா, நிறுத்தி விளக்குவாளா? பிரதிநிதித்துவம் என்ற பெரிய சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வரும்.

முகங்கள் வரத் தொடங்கின

மாற்றம் நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். டேபர்னக்கிள் பாடகர் குழுவில் கறுப்பினப் பெண்கள் 1970இலேயே பாடினார்கள், விதி நீங்க எட்டு வருஷம் முன்பு. 1971இல் ரஃபின் பிரிட்ஜ்ஃபோர்த், டேரியஸ் கிரே, யூஜின் ஆர் மூவரையும் பொறுப்பாக வைத்துக் கறுப்பின உறுப்பினர்களுக்கென்று 'ஜெனிசிஸ் குழு' தொடங்கியது. 2011இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 'நான் ஒரு மார்மன்' என்ற விளம்பரத் தட்டிகளில் பல இனத்து முகங்கள் சிரித்தன. 2014இல் 'மீட் த மார்மன்ஸ்' என்ற ஆவணப்படத்தில் ஆறு பேரின் கதை. அட்லாண்டாவில் ஒரு கறுப்பினப் பிஷப், சமோவா வம்சத்து அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், கோஸ்டா ரிக்காவிலிருந்து ஒரு கிக்பாக்சிங் வீராங்கனை, நேபாளத்தில் கிராமங்களுக்காக உழைக்கும் ஒரு பொறியாளர் எல்லாரும் அதில் உண்டு.

நல்ல முயற்சிதான். ஆனால் இவை பெரும்பாலும் வெளியாருக்குக் காட்டும் முகம். நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் பாருங்கள் என்று வாசலில் நின்று சொல்வது. எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தெரிவது உள்ளே நடந்தது. 2019இலிருந்து வெளிவந்த மார்மன் புஸ்தகக் காணொளித் தொடரில் லத்தீன் அமெரிக்க, பசிபிக் தீவு வம்சாவளி நடிகர்கள் பலர் நடித்தார்கள். யூட்டாவின் கோஷன் என்ற ஊரில், சபையின் சொந்தப் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்தது. ஃப்ரீபெர்க் கொடுத்த முகத்துக்கு எழுபது வருஷம் கழித்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். இனி வளரும் குழந்தைக்கு நேபி என்றதும் வேறு ஒரு முகம் தோன்றும். 2021இல் மாத இதழ்களையும் மாற்றியமைத்தார்கள். அமெரிக்க வாசகர்களுக்குத் தனி இதழ், மற்றவர்களுக்கு வேறு இதழ் என்று இருந்தது போய், பெரியவர்களுக்கு உலகம் முழுக்க 'லியஹோனா' ஒன்றே.

குரலும் ஒரு பிரதிநிதித்துவம்தான், அதை மறந்துவிடுகிறோம். 2014 அக்டோபர் பொது மாநாட்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த சி ஹாங் வோங் தன் உரையைக் கான்டனீஸ் மொழியில் நிகழ்த்தினார். ஆங்கிலம் பேசுபவர்கள் மொழிபெயர்ப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். மற்ற எல்லாரும் பல காலமாகச் செய்துவந்ததை அன்றைக்கு அமெரிக்கர்கள் செய்தார்கள். 2022 அக்டோபரில் டிரேசி பிரவுனிங் பேசினார், பொது மாநாட்டு மேடையில் பேசிய முதல் கறுப்பினப் பெண். விதி நீங்கி அப்போது 44 வருஷம்.

தலைமை? 2018இல் சீன வம்சாவளி அமெரிக்கரான கெரிட் காங், பிரேசில்காரரான உலிசஸ் சோரஸ் இருவரும் பன்னிரண்டு அப்போஸ்தலர் குழுவுக்கு வந்தார்கள். பொது அதிகாரிகளில் முதல் கறுப்பினத்தவர் 1990இல் வந்த பிரேசிலின் எல்வேசியோ மார்ட்டின்ஸ். மாநாட்டில் கேமரா மேடையை மெதுவாகக் காட்டிக்கொண்டு போகும்போது எந்த முகங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நடிகர்களைத் தேர்ந்தெடுத்து அந்த வரிசையை மாற்ற முடியாது.

இயேசுவின் நிறம்

கடைசியாக, எல்லாவற்றையும்விட மென்மையாகத் தொட வேண்டிய விஷயம். 2020 மே மாதம், ஜெபக்கூடங்களின் முன்கூடத்தில் இயேசுவின் படம்தான் இருக்க வேண்டும் என்று சபைத் தலைமை அறிவுறுத்தியது. தேர்ந்தெடுக்க 22 ஓவியங்களின் பட்டியலும் வந்தது. உள்ளே நுழைந்ததும் கிறிஸ்துவைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அருமையானது. ஆனால் பட்டியலில் இருந்த கிறிஸ்து பெரும்பாலும் ஐரோப்பிய முகம் கொண்டவர். அதற்கு முந்தைய மாதம்தான் சபை தனக்கென்று ஒரு புதிய சின்னத்தை அறிவித்திருந்தது. டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சென் செதுக்கிய கிறிஸ்துவின் உருவம், வெள்ளைப் பளிங்கு.

இந்த ஓவியங்கள் பல 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. டென்மார்க்கின் கார்ல் பிளாக், ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹோஃப்மன். நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கெத்செமனே தோட்டத்தில் பாறைமேல் கைகோத்து ஜெபிக்கும் இயேசு படம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது ஹோஃப்மனுடையதுதான். அந்தப் படத்தின் முன்னால் முழந்தாளிட்டு அழுதவர்கள் எத்தனை பேர்! அந்த ஜெபத்தை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. அதே நேரம், கலிலேயாவில் தச்சு வேலை செய்த ஒரு யூதர் கோபன்ஹேகன்காரர் மாதிரி இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதும் உண்மை. படத்தைக் கழற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்தில் இன்னொரு படத்துக்கும் ஆணி அடிக்கலாமே என்பதுதான் என் ஆசை. நைரோபியின் ஜெபக்கூடத்தில் கென்ய ஓவியர் ஒருவர் வரைந்த கிறிஸ்து இருந்தால் யாருடைய விசுவாசம் குறைந்துவிடும்?

இரண்டு நினைவுச் சின்னங்கள்

ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனசு வரவில்லை. அடிமையாக இல்லாமல் சுதந்திரமாகவே பிறந்தவர், கனெக்டிகட்டைச் சேர்ந்தவர். 1843இல் சபையோடு சேரக் குடும்பத்தோடு கிளம்பினார். பஃபலோ நகரத்தில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அங்கிருந்து இல்லினாயின் நாவூ நகருக்கு 800 மைலுக்கும் மேல் நடந்தார்கள். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, போன வழியில் ரத்தச் சுவடு பதிந்தது என்று அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். ஜோசப் ஸ்மித்தின் வீட்டில் வேலை செய்தார், 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். ஆலயச் சடங்குக்காக ஒவ்வொரு தலைவரிடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1894இல் அவருக்குக் கிடைத்தது, ஸ்மித் குடும்பத்தோடு நித்தியத்துக்கும் 'பணியாளராக' இணைக்கும் ஒரு சடங்கு. அதிலும் அவருக்குப் பதிலாக வேறொருவர் நின்றார். 1908இல் இறந்தார். 2018இல் 'ஜேன் அண்ட் எம்மா' என்ற திரைப்படம் வந்தபோது பலர் அவர் பெயரையே முதல்முறையாகக் கேட்டார்கள். அதில் ஜேனாக நடித்தவர் டேனியல் டெட்வைலர்.

சால்ட் லேக் நகர மையத்தில் பிரிகாம் யங்கின் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் ஒரு பலகையில், 1847இல் பள்ளத்தாக்குக்கு முதலில் வந்த குழுவினரின் பெயர் வரிசை. அந்தக் குழுவில் அடிமைகளாக வந்த மூன்று கறுப்பின ஆண்களின் பெயரும் உண்டு. கிரீன் ஃப்ளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி. பக்கத்தில் 'கறுப்பினப் பணியாட்கள்' என்ற குறிப்பு. ஃப்ளேக், லே, கிராஸ்பி மூன்றுமே எசமானர்களின் குடும்பப் பெயர்கள்.

2022 ஜூலையில், அதே நகரத்தின் 'திஸ் இஸ் த பிளேஸ்' பூங்காவில் ஒரு புதிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். 'கிரீன் ஃப்ளேக்' திரைப்படத்தை எடுத்த மௌலி ஜூனியர் பானர் முன்னின்று செய்த வேலை அது. அந்த மூவரும் வெண்கல உருவங்களாக நிற்கிறார்கள், ஜேனும் நிற்கிறார். இந்தமுறை இரண்டு பெயர்கள் வேறு. ஹார்க் வேல்ஸ், ஆஸ்கர் ஸ்மித்.